மேலே வந்து மூச்சு விட்டவருக்கும் ஏன் சிவப்பு அட்டை?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவரும் நண்பர்கள் நாலு பேரும் காரைக்குடிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் ஞாயிறுதோறும் மூச்சடக்கிப் பழகுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் நீருக்கடியிலேயே 50 மீட்டர் போய்ச் சுவரைத் தொட்டு எழுந்தார், இரண்டு மூச்சு இழுத்தார், அப்படியே கண் செருகிச் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் தாங்கிப் பிடித்துக் கன்னத்தில் தட்டியதும் ஐந்தாறு விநாடியில் தெளிந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் இல்ல, இன்னொரு தடவை போறேன்" என்று தண்ணீரில் இறங்கி நின்றாராம். குழுவுக்குள் வாக்குவாதம். தம்பி கேட்பது: "மூச்சடக்கி முங்கும் போட்டியில் மயங்கினவர்களே மறுநாள் மறுபடி இறங்குகிறார்கள். தெளிந்த பிறகு என்ன தடை? அதோடு, மேலே வந்து மூச்சு விட்டுச் சிரிக்கிறவருக்கும் சில நேரம் சிவப்பு அட்டை காட்டுகிறார்களே, அது என்ன கணக்கு?"

முதலில் நேரடியான பதில். உங்கள் நண்பர் அன்றைக்கு இறங்கியிருக்கக் கூடாது. எத்தனை தெளிவாகப் பேசினாலும், எத்தனை நேரம் உட்கார்ந்து எழுந்தாலும், அன்றைய முங்கு அத்தோடு முடிந்தது. ஃப்ரீடைவிங், அதாவது காற்றுக் கருவி இல்லாமல் ஒரே மூச்சில் முங்குவது, சொல்லித் தருகிற இடங்களில் இது பேரம் பேசாத விதி. தடுத்தவர்கள் செய்தது சரி.

காரணத்தை என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். போட்டிகளில் கயிற்றோரம் சேஃப்டி டைவராக, அதாவது முங்குகிறவர் மயங்கினால் பிடிக்கும் காவலாளாக, சில வருஷம் நின்றிருக்கிறேன். இப்போது ஊரோடு வந்து பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன். அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் எனக்கே ஒரு தடவை பிளாக்அவுட் ஆனது, அதாவது மூச்சடக்கியதில் நினைவு தப்பியது. நீச்சல் குளத்தில், அசையாமல் முகம் கவிழ்த்து மிதந்தபடி மூச்சை அடக்கும் பயிற்சி அது. குளத்தின் அடியில் நீல ஓடுகளுக்கு நடுவே ஒரு ஓடு மட்டும் மூலை உடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, கூட இருந்தவர் என் தாடையைப் பிடித்தபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. "ஏன் என்னைத் தூக்கினீர்கள்? நான் நன்றாகத்தானே இருந்தேன்" என்று அவரிடம் கோபப்பட்டேன். எட்டு விநாடி எனக்கு நினைவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கரையிலிருந்து ஒருவர் கைபேசியில் பிடித்த படத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினேன். அதில் என் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது, கண் திறந்திருந்தது, அந்தக் கண்ணில் நான் இல்லை.

நீருக்கடியில் நினைவு தப்புகிறவர் தனக்கு நினைவு தப்பியதையே அறிய மாட்டார். வலி இல்லை, பயம் இல்லை, இருட்டிக்கொண்டு வரவும் இல்லை. உடைந்த ஓட்டுக்கும் நண்பரின் குரலுக்கும் நடுவே எனக்கு இடைவெளியே இருக்கவில்லை. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்வது பொய் அல்ல. அவருக்குத் தெரிந்த உண்மையே அதுதான். போட்டி விதிகள் எல்லாமே இந்த ஓர் இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. இறங்கியவர் நலமாக இருக்கிறாரா என்ற தீர்ப்பை அவர் கையில் கொடுப்பதில்லை. வெளியில் நிற்கிறவர் கையில் கொடுக்கிறார்கள்.

இரண்டு மூச்சு இழுத்த பிறகு ஒருவர் ஏன் மயங்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். மூச்சு நெஞ்சுக்குள் போன அந்த நொடியிலேயே மூளைக்கு ஆக்சிஜன் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நுரையீரலில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் இதயத்துக்கு வந்து, அங்கிருந்து மூளையை எட்டச் சில விநாடிகள் ஆகும். அதுவரை மூளைக்குப் போய்க்கொண்டிருப்பது மூச்சடக்கிய கடைசி நேரத்தில் கிளம்பிய, ஆக்சிஜன் வறண்ட ரத்தம். அது வந்து சேரும் நேரமும், முகத்தை நீருக்கு வெளியே எடுத்து முதல் மூச்சு இழுக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. பார்க்கிறவர்கள் "வந்துட்டார்" என்று கை தட்டும்போதுதான் அவருக்குள் ஆக்சிஜன் மிகக் கீழான இடத்தில் நிற்கிறது. உங்கள் நண்பருக்கு நடந்தது இதுதான்.

ஆழத்தில் முங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது. மேல்மட்டத்தில் அழுத்தம் 1 என்று வைத்தால் 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. நுரையீரலில் ஆக்சிஜன் 5 சதவீதமாகக் குறைந்துவிட்ட நிலையில் ஒருவர் 20 மீட்டரில் இருக்கிறார் என்று வையுங்கள். அங்கே அதன் அழுத்தம் 3 × 0.05, அதாவது 0.15. மூளைக்கு அது போதும், ஆளும் தெம்பாகவே இருப்பார். அதே 5 சதவீதம் மேல்மட்டத்துக்கு வந்தால் வெறும் 0.05. வழியில் தசை தின்றதையும் கழித்தால் இன்னும் குறைவு. ஒரு தப்பும் செய்யாமல், வெறுமனே மேலே ஏறி வந்ததாலேயே ஆக்சிஜன் அவர் மூளையை விட்டுப் போகிறது. கடைசி 10 மீட்டரில் அழுத்தம் பாதியாகிறது. பெரும்பாலான பிளாக்அவுட்கள் அந்தப் பத்து மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகான அரை நிமிஷத்திலும்தான் நடக்கின்றன. ஆழத்தில் நடப்பவை அவற்றை விடக் குறைவு.

இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குகிற பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சாதாரணமாக மூச்சு விடும்போதே நம் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. வேகமாக இழுத்து விடுவதால் கூடுவது மிகக் கொஞ்சம். வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. "மூச்சு வேணும், மூச்சு வேணும்" என்று நெஞ்சை முட்டுகிற தவிப்பைக் கிளப்புவது அதுதான். அதைத் துரத்திவிட்டால் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறோம் என்று அர்த்தம். "இந்தத் தடவை கஷ்டமே தெரியல" என்று ஒருவர் சொல்லி மேலே வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இப்போது சிவப்பு அட்டைக்கு வருகிறேன். போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்புகளில் 1992இல் தொடங்கிய ஐடா ஒன்று, சிமாஸ் இன்னொன்று. ஐடாவின் முறையைச் சொல்கிறேன், நீங்கள் பார்த்ததும் அதுவாகவே இருக்கும். வீரரின் மூக்கும் வாயும் நீருக்கு வெளியே வந்ததிலிருந்து 15 விநாடி. அதற்குள் மூன்று காரியம். முகத்தில் இருக்கும் மாஸ்க், கண்ணாடி, மூக்கை அடைக்கும் நோஸ் கிளிப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிறகு நடுவரைப் பார்த்து ஒரு கையால் ஓகே சைகை, ஒரே ஒரு தடவை. பிறகு வாய்விட்டு "ஐ ஆம் ஓகே" என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கழற்றினால் சிவப்பு. சைகையை இரண்டு தடவை காட்டினாலும் அதே. மூன்றும் சரியாக முடிந்தாலும் நடுவர் உடனே அட்டையைத் தூக்க மாட்டார். மேலே வந்ததிலிருந்து 30 விநாடி முடியும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அதற்குள் வாயோ மூக்கோ மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டால் போட்டி போச்சு. ஆழப் போட்டி என்றால், அங்கே போனதற்குச் சான்றாக ஆழத்திலிருந்து எடுத்து வந்த துண்டு அட்டையையும் காட்ட வேண்டும். எல்லாம் சரியென்றால் வெள்ளை அட்டை. குறையோடு ஏற்றுக்கொண்டால் மஞ்சள். செல்லாது என்றால் சிவப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் அற்பக் காரணத்துக்குச் சாதனையைப் பறிப்பதுபோல் தெரியும். ஒருவர் 80 மீட்டர் போய்த் திரும்பி வருகிறார், நோஸ் கிளிப்பைக் கழற்றுவதற்கு முன் கையைத் தூக்கிவிட்டார் என்று சிவப்பு. எனக்கும் தொடக்கத்தில் மனசு கேட்கவில்லை. ஒரு வீரரின் முகத்துக்கு இரண்டு அடி தூரத்தில் மிதந்துகொண்டு இதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆக்சிஜன் குறைந்த மூளை முதலில் இழப்பது பலத்தை அல்ல, வரிசையை. கை மாஸ்க்கை நோக்கிப் போகும், பாதி வழியில் எதற்காக வந்தோம் என்பதை மறந்து அங்கேயே நிற்கும். சிலருக்குத் தலை வெட வெடவென்று ஆடும், தோள் துள்ளும். வீரர்கள் இதைச் சம்பா என்பார்கள். தசை மூளையின் சொல் கேட்காமல் ஆடுகிற நிலை அது, பிளாக்அவுட்டுக்கு ஒரு படி முன்னால். இன்னும் சிலர் நன்றாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்தும் இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முறை தவறாமல் செய்ய முடிகிறதா என்பதுதான் மூளை வீட்டில் இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்க்கும் வழி. நீங்கள் பார்த்த சிரித்த முகத்துக்குக் கிடைத்த சிவப்பு அட்டை அந்தக் கதவு திறக்கவில்லை என்பதற்காக.

இதோடு ஒட்டிய இன்னொரு விதி உண்டு. அட்டை காட்டும் வரை வீரரை யாரும் தொடக் கூடாது. பயிற்சியாளர் வாயால் கத்தலாம். "மூச்சு இழு, மாஸ்க், கை, சொல்லு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். விரல் பட்டாலும் அந்த முங்கு செல்லாது. சேஃப்டி டைவருக்கு இந்த அரை நிமிஷம் கஷ்டமான நேரம். ஒரு சாண் தூரத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் ஒரு மனிதரின் வருஷக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடுவோம். தயங்கினால் அவர் முகம் தண்ணீருக்குள் போய்விடும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் பிடி. சிவப்பு அட்டைக்காக யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் உயிரோடு இருந்து திட்டுவார்கள்.

நீருக்குள்ளேயே மயங்கினால் என்ன நடக்கிறது? போகும் ஆழத்தையும் ஆகும் நேரத்தையும் வீரர் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். செங்குத்தாக ஒரு கயிறு தொங்கும். அவர் உடம்பும் அந்தக் கயிறும் லேன்யார்டு என்ற சிறு இணைப்பால் கட்டப்பட்டிருக்கும். மேலே ஒருவர், ஒலியை வைத்து ஆழம் காட்டும் சோனார் திரையில் அவர் இறங்குவதையும் திரும்புவதையும் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் ஏறிவரும் நேரத்துக்கு முதல் சேஃப்டி டைவர் சுமார் 30 மீட்டருக்கு இறங்கி எதிரே போய்ச் சந்திப்பார், அடுத்தவர் அதற்கு மேலே. இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்தபடியே கூட ஏறி வருவார்கள். அவர்களும் மூச்சடக்கித்தான் இறங்குகிறார்கள். சேஃப்டி டைவர் எட்ட முடியாத ஆழத்தில் ஒருவர் நின்றுவிட்டால், கயிற்றின் மறுமுனையில் கட்டிய கனத்த எடையைக் கீழே விழ விடுவார்கள். அது கீழே போகப் போக, லேன்யார்டோடு கயிறும் ஆளும் மேலே வருவார்கள். எங்கள் ஐயா காலத்துக் கமலைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மாடு இந்தப் பக்கம் இறங்கினால் சால் அந்தப் பக்கம் ஏறும்.

மயங்கியவரைக் கையில் பிடித்ததும் செய்வது இது. ஒரு கை தாடைக்கு அடியில், வாயை மூடிப் பிடித்தபடி. மறு கை பின்தலையில். மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, மூக்குக்குள் தண்ணீர் போகாமல் காப்பது அதுதான். நினைவு தப்பியதும் பெரும்பாலும் தொண்டை தானாக இறுக மூடிக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு நுரையீரலில் தண்ணீர் இறங்காது. இயற்கை கொடுத்த அந்தச் சில்லறை நேரத்துக்குள் அவர் முகம் காற்றில் இருக்க வேண்டும். மேலே வந்ததும் மாஸ்க்கையும் நோஸ் கிளிப்பையும் கழற்றி, கண்ணுக்குக் கீழே கன்னத்தின் மீது ஊத வேண்டும். கன்னத்தில் தட்ட வேண்டும். பெயரைச் சொல்லி "மூச்சு விடு" என்று கூப்பிட வேண்டும். முகத்தில் காற்றுப் படுவதை உணர்ந்தால் உடம்புக்குத் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டோம் என்று தெரிகிறது, பூட்டு திறக்கிறது. நான் பிடித்த ஒரு பையன், தட்டிய மூன்றாவது தட்டில், ஒட்டடை பிடித்த ஜன்னலைத் தள்ளித் திறப்பதுபோல் ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுமார் பத்து விநாடிக்குள் மூச்சு வரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. தண்ணீரிலேயே மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு ஊதிவிட்டுக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது தம்பியின் கேள்வியில் எனக்கு உறுத்திய பகுதி: "போட்டியில் மயங்கினவர்களே மறுநாள் இறங்குகிறார்கள்." இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களாக முடிவு செய்து இறங்குவதில்லை. பிளாக்அவுட் ஆனவரைப் படகிலேயே ஆக்சிஜன் கொடுத்து உட்கார வைத்து, போட்டி மருத்துவர் பார்ப்பார். நெஞ்சில் சத்தம் கேட்கிறதா, எச்சிலில் ரத்தம் வருகிறதா, விரலில் மாட்டும் மீட்டரில் ஆக்சிஜன் அளவு திரும்ப ஏறிவிட்டதா என்று பார்ப்பார். எத்தனை நாள் ஓய்வு என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். மருத்துவர் "வேண்டாம்" என்றால் உலகச் சாதனைக்காரரானாலும் அந்தப் போட்டி அவருக்கு முடிந்தது.

இந்த மருத்துவப் பார்வை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நிக்கோலஸ் மெவோலியை நினைக்காமல் இருக்க முடியாது. அமெரிக்கர், 32 வயது, அதே வருஷம் 100 மீட்டர் தொட்டவர். 2013 நவம்பர் 17 அன்று, பஹாமாஸின் லாங் தீவில் டீன்ஸ் புளூ ஹோல் என்ற ஆழமான கடல்குழியில், துடுப்பில்லாமல் 72 மீட்டருக்கு இறங்கினார். 68 மீட்டர் பக்கம் தடுமாறி நின்றார். திரும்பப் போகிறார் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் மனதை மாற்றிக்கொண்டு மறுபடி கீழே போனார். 3 நிமிஷம் 38 விநாடி கழித்துத் தானாக மேலே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சைகை காட்டினார், சொல்லப் பார்த்தார், சொல் முழுதாக வரவில்லை. அரை நிமிஷத்துக்குள் சாய்ந்தார். மருத்துவரும் மீட்புக் குழுவும் அங்கேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆழத்தின் அழுத்தத்தில் நுரையீரல் கசங்கி ரத்தமும் நீரும் கோத்துக்கொண்டது. ஐடா தொடங்கி 21 வருஷத்தில் அதன் போட்டியில் நடந்த முதல் மரணம் அது. அதே போட்டியின் முந்தைய முங்குகளில் அவர் நுரையீரல் ஏற்கெனவே காயப்பட்டிருந்தது பற்றிப் பிறகு நிறையப் பேசப்பட்டது. ஆறுவதற்கு முன் மறுபடி இறங்கினார் என்பதுதான் அந்தப் பேச்சின் வேதனை. அதற்குப் பிறகு வீரர்களும் மருத்துவர்களும் நுரையீரல் காயத்தைப் பற்றி மறைக்காமல் பேசத் தொடங்கினார்கள். இருமினால் எச்சிலில் ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் ஓய்வை நாளில் கணக்கிடக் கூடாது, வாரங்களில் கணக்கிட வேண்டும். மருத்துவர் சொன்ன பிறகே தண்ணீர்.

சேஃப்டி டைவருக்கும் ஒரு காவல் வேண்டும் என்பதையும் ஒரு மரணம்தான் கற்றுக் கொடுத்தது. 2017 ஜூலை 22 அன்று எகிப்தின் தாஹாபில், அலெசியா ஸெக்கினி என்ற இத்தாலிய வீராங்கனை புளூ ஹோலின் பாறை வளைவைக் கடந்து வந்தபோது ஏறவேண்டிய கயிற்றைத் தவறவிட்டார். ஸ்டீபன் கீனன் என்ற அயர்லாந்துக்கார சேஃப்டி டைவர் அவரைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அலெசியா பிழைத்தார். கீனன் கொஞ்ச தூரம் தள்ளி, முகம் கவிழ்ந்து மிதந்தார். எல்லோர் கண்ணும் காப்பாற்றப்பட்டவர் மேல் இருக்கும்போது காப்பாற்றியவரைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

இனி நம்மூருக்கு வருகிறேன். படகு, சோனார், ஆக்சிஜன், மருத்துவர் எதுவும் இல்லாத இடத்தில் போட்டியில் செய்வதைப் பார்த்துச் செய்ய முடியாது. நம்மால் எடுத்துக்கொள்ள முடிந்தது அந்த 30 விநாடியும், பக்கத்தில் ஒரு ஆளும்தான். என் ஆயா ஒரு கதை சொல்வார்கள். முத்துக் குளிக்க இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றைப் படகில் யார் பிடிப்பது? அண்ணன் தம்பி பிடிக்க மாட்டான், மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி கழுத்துத் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும், கண் அசர மாட்டான். உங்கள் குழுவில் ஒருவர் இறங்கும்போது மேலே நிற்கிறவர் அந்த மச்சானாக நிற்க வேண்டும். இன்னொருவரோடு பேசிக்கொண்டு, கைபேசியில் நேரம் எடுத்துக்கொண்டு நிற்கிறவர் கணக்கில் சேர்த்தி இல்லை. நேரம் எடுக்க மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் முங்குவது கிடையாது. நீளவாக்கில் போகிறவரோடு மேலே நீந்திக்கொண்டே கூடப் போங்கள். அவர் எழுந்ததும் 30 விநாடி முகத்தைப் பாருங்கள், மனசுக்குள் எண்ணுங்கள். போட்டி இல்லாவிட்டாலும் மாஸ்க், சைகை, சொல் என்ற வரிசையை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்லுங்கள். அசையாமல் மிதந்து பழகும்போது முன்பே பேசி வைத்த நேரத்தில் தோளைத் தட்டுங்கள், அவர் ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை என்றால் இன்னொரு தட்டு. அதற்கும் இல்லையென்றால் உடனே முகத்தைத் தூக்குங்கள். "சாதனையைக் கெடுத்துட்டியே" என்று அவர் கோபப்பட்டால் என் கதையைச் சொல்லுங்கள்.

கண்மாயிலும் கிணற்றிலும் இதைச் செய்யாதீர்கள். இந்தச் சீமையில் வளர்ந்த எல்லோருக்கும் அங்கே முங்கு நீச்சல் அடித்த ஞாபகம் இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் செம்மண் கரைந்த கண்மாய்த் தண்ணீரில் முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. ஒருவர் இரண்டு அடிக்குக் கீழே நினைவு தப்பினால் பக்கத்தில் நிற்கிறவருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. கிணற்றில் ஆளைக் கண்டுபிடித்தாலும் மயங்கிய உடம்பைச் செங்குத்துச் சுவரில் ஏற்ற நாலு பேர் போதாது. விளையாட்டுக்கு "யார் அதிக நேரம்" என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவதைப் பார்த்தால் நிறுத்துங்கள்.

கரைக்குக் கொண்டு வந்த ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, தோளில் கவிழ்த்துப் போட்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. இவை மூச்சுக்கு உதவுவதில்லை. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குப் போகும், பொன்னான நிமிஷமும் வீணாகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூச்சு இல்லையென்றால் வாய்க்குள் மூச்சு ஊதுங்கள். உயிர் அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதி, தொடர்ந்து செய்யுங்கள். ஒருவர் 108க்குப் பேசட்டும்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தண்ணீர் குடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்குள் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், தூக்கக் கலக்கம் ஏதாவது வந்திருந்தால் அப்போதே ஆஸ்பத்திரி போயிருக்க வேண்டும். அப்படி வந்து அவர் சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்காவது போகட்டும். ஒன்றும் இல்லையென்றாலும் மறுபடி இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவரைப் பார்த்து இதயத்தையும் நுரையீரலையும் சோதித்துக்கொள்வது நல்லது. எல்லா மயக்கமும் மூச்சடக்கியதால் வருவதில்லை. முதன்முதலாகத் தண்ணீரில் வெளிப்படும் இதயக் கோளாறுகளும் உண்டு.

மருத்துவரிடம் அவர் தனியாகப் போகக் கூடாது. மருத்துவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் அவர், "லேசா தலை சுத்துச்சு சார்" என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவரைப் பிடித்தவர் கூடப் போக வேண்டும். எழுந்து எத்தனை மூச்சு இழுத்தார், எந்த மூச்சுக்குப் பிறகு சாய்ந்தார், கை கால் துள்ளியதா, உதடு என்ன நிறம், எத்தனை விநாடியில் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார், இறங்கும் முன் எத்தனை வேக மூச்சு வாங்கினார், காலையில் சாப்பிட்டாரா என்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கு இன்னும் பசுமையாக இருக்கும். இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அவரோடு நீங்களும் போங்கள்.